நாலு மீட்டர் மூன்று என்றது, ஒன்று பதினொன்று என்றது

அன்று சேற்றுத் தொட்டியின் வாயில் இருந்தவர்கள்.

என்சிக் ஹம்சா. மில்லின் பாதுகாப்பு என்ஜினியர். என்சிக் என்பது மலாயில் ஐயா மாதிரி.

பார்வதி. லேப்பில் வேலை. தொட்டிக்குள் ஆள் இறங்கும் நாளில் வாயில் உட்கார்ந்து, யார் உள்ளே, யார் வெளியே என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

ரஃபீக். வங்காளதேசத்திலிருந்து வந்த குத்தகை ஆள். மெலிந்த உடம்பு.

செல்வம். மில் ஃபிட்டர். என் தங்கை லெட்சுமியின் கணவன்.

நான். இன்ஸ்ட்ருமெண்ட் ரூமில் வேலை. கடைசியாக வந்து சேர்ந்தேன்.

ரஃபீக்கும் செல்வமும் தொட்டிக்குள் இருந்தார்கள். மற்ற மூவரும் வெளியே.

இதை எழுதச் சொன்னது பார்வதி. மில்லில் விஷ வாயுவைக் காட்டும் புது கேஸ் மீட்டர்கள் வாங்கப்போகிறார்களாம். தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் மீட்டர்கள். இன்ஸ்ட்ருமெண்ட் ரூமில் இப்போது இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. காலிபிரேஷன் என்கிற சரிபார்ப்பை இனி கையால் செய்யவேண்டுமா, மெஷினிடம் விட்டுவிடலாமா? வேலையை விட்டுவிட்ட என்னை வந்து பேசச் சொன்னார்கள். பார்வதி குறுக்கே விழுந்தாள்.

"அண்ணே, நீங்க வந்து பேசினா ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டு டீ எங்கன்னு கேப்பீங்க. எழுதிக் குடுங்கலா."

அவள் சொன்னது சரி. எழுதுகிறேன்.

எங்கள் மில் மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே. முன்பு ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. அப்பாவும் அம்மாவும் அங்கே பால் மரம் வெட்டியவர்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது, பிறகு படிவம் மூன்று. அதோடு சரி. பாய்லரில் எரிக்க நார் தள்ளினேன். ஒயர்மேனுக்குக் கையாளாக இருந்தேன். பிறகு இன்ஸ்ட்ருமெண்ட் ரூம். ஈப்போவில் ஒரு கோர்ஸ் அனுப்பினார்கள். பாதி புரிந்தது.

மீதியைக் கழிவு நீர்க் குளம் புரியவைத்தது. செம்பனைப் பழத்தை வேகவைத்து எண்ணெய் பிழிந்த பிறகு வரும் அழுக்குத் தண்ணீர் முதலில் சேற்றுத் தொட்டிக்கும், பிறகு குளங்களுக்கும் போகும். அதிலிருந்து ஒரு வாயு வரும். அழுகிய முட்டை வாடை. மில்லில் எச்-டூ-எஸ் என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளத்து ஓரம் குனிந்து நீர்மட்டம் பார்க்கும் சென்சாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாடை மூக்கைத் துளைத்தது. திடீரென்று வாடை இல்லை. நிம்மதியாக இருந்தது. அடுத்தது, நான் கரையில் மல்லாந்து கிடக்கிறேன், என் கை ஸ்பேனரைத் தேடுகிறது. பின்பக்கம் விழுந்ததால் பிழைத்தேன். முன்பக்கம் தண்ணீர்.

அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். வாடை இல்லை என்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம் உண்டு. வேலையை விடும் நாள்வரை இருந்தது. வெளியில் சொன்னதில்லை.

கையால் சரிபார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போகவேண்டும். குளத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் காத்திருக்கவேண்டும். மழை வந்தால் இறங்கி வந்துவிடவேண்டும். சுத்தமான காற்றில் மீட்டரைத் திறந்து, அது ஸீரோவில் நிற்கும்வரை பார்க்கவேண்டும். நிற்காவிட்டால் ஸீரோவை நாம் வைக்கவேண்டும். பிறகு சென்சார் மேல் மூடியை அழுத்தி, சின்ன சிலிண்டரிலிருந்து குழாய் மாட்டி, வாயுவைத் திறக்கவேண்டும். சிலிண்டர் மேல் இருபத்தைந்து என்று எழுதியிருந்தால் மீட்டரும் இருபத்தைந்துக்கு வரவேண்டும். வழியில் பத்தைத் தாண்டும்போது அலறவேண்டும். பத்துதான் எங்கள் எல்லை. அதற்கு மேல் யாரும் தொட்டிக்குள் நிற்கக் கூடாது.

வாயுவை மூடிய பிறகும் மூடியைக் கழற்றிவிட்டுப் போய்விடக் கூடாது. எண் இறங்குவதைப் பார்க்கவேண்டும். சாகப்போகும் சென்சார் சரியாக ஏறும். இறங்கத்தான் தயங்கும்.

இதை எனக்குக் காட்டியவர் என்சிக் ஹம்சா. என்னைவிட வயதில் சின்னவர். மெதுவாகப் பேசுவார். பேசியது எல்லாம் மலாய், நான் தமிழில் எழுதுகிறேன். தொட்டிக்கு ஆள் இறக்கும் நாளில் தன் கார் சாவியையும் போனையும் பார்வதியின் மேசையில் வைத்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு தொட்டி வாயின் மேல் நிற்கும் உயரமான இரும்பு முக்காலியிடம் போவார். அதில் கைப்பிடி போட்ட ஒரு சக்கரம், சக்கரத்தில் இரும்பு வடம். வடத்தின் நுனி உள்ளே போகிறவன் முதுகுப் பட்டையில் மாட்டியிருக்கும். சக்கரத்தைத் தானே அரைச் சுற்று சுற்றிப் பார்ப்பார். கொக்கியைத் தானே இழுத்துப் பார்ப்பார். கோபம் வந்தால் சத்தம் ஏறாது. "சௌடாரா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அந்தச் சொல் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்போம்.

அவர்தான் மெஷினையும் கொண்டுவந்தார். அதற்குக் காரணம் இருந்தது. மீட்டர்கள் கூடிக்கொண்டே போயின. மேட்டில் நின்று ஒவ்வொன்றாகச் செய்தால் ஆறாவது மீட்டரில் கண் எண்ணைப் பார்க்காது. எண் என்னவாக இருக்கவேண்டுமோ அதைப் பார்க்கும். இதை நான்தான் அவரிடம் சொன்னேன். மெஷினுக்கு அலுப்பு வராது, லஞ்சுக்கு அவசரப்படாது.

அது ஒரு அலமாரி மாதிரி. மீட்டரை அதன் குழியில் சொருகினால் போதும். சுற்றி இருக்கும் காற்றை உறிஞ்சி அதையே ஸீரோவாக வைத்துக்கொள்ளும். பிறகு உள்ளே இருக்கும் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் வாயு விட்டு, மீட்டர் அலறுகிறதா என்று பார்க்கும். அலறினால் பச்சை விளக்கு.

அதை எங்கே வைப்பது? குளத்து ஓரம் இருக்கும் பம்ப் ஷெட்டில் வைத்தோம். அங்கே கரண்ட் இருந்தது, பூட்டு இருந்தது. மீட்டர் வேண்டியவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் வேலை செய்தார்கள். பொருத்த வந்த ஆள் ஈப்போ சீனர், இளைஞர். ஷெட்டுக்குள் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பாவ்லா அங்கிள், ஒரே வாடை. எப்படி இங்க வேலை செய்றீங்க?"

"வாடையா? எங்க?" என்றான் செல்வம். உண்மையாகவே கேட்டான்.

"அது எங்க மில் சென்ட்டு தம்பி, ஒரு பாட்டல் கொண்டுபோறியா?" என்றாள் பார்வதி.

எல்லாரும் சிரித்தோம். என்சிக் ஹம்சாவும் சிரித்தார். அந்த வாடையில் வருஷக்கணக்காகச் சோறு தின்றவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரிந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால் நடந்தது இது. மூடிய ஷெட்டுக்குள் எப்போதும் எட்டு அளவு வாயு நின்றது. மெஷின் காலையில் அந்த எட்டை ஸீரோ என்று மீட்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த மீட்டர் எங்கே போனாலும் எட்டைக் கழித்துத்தான் காட்டும். பதினொன்று இருந்தால் மூன்று என்று காட்டும். நாங்கள் அப்படியே நாள்களை ஓட்டினோம். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என்னிடம் ஒரு பழைய மீட்டர் இருந்தது. வேறு மாடல். அலமாரிக் குழியில் நுழையாது. அதை மட்டும் நான் மேட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் செய்துகொண்டிருந்தேன்.

தொட்டி கழுவும் நாள் வந்தது. மில் ஓட்டத்தை அதற்காகவே நிறுத்தியிருந்தார்கள். காற்று ஊதும் புளோவர் ஓடிக்கொண்டிருந்தது. என்சிக் ஹம்சா நீளக் குழாயை உள்ளே விட்டு மீட்டரில் பார்த்திருக்கிறார். ஒன்று காட்டியிருக்கிறது. நல்ல எண். செல்வமும் ரஃபீக்கும் இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் நெஞ்சில். பார்வதியிடம் ஒன்று, என்சிக் ஹம்சாவிடம் ஒன்று. நாலும் அலமாரியிலிருந்து வந்தவை.

நான் பாய்லர் பக்கம் வேலை முடித்து, பழைய மீட்டரை மேட்டில் சரிபார்த்து, சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். தொட்டி வாயை நெருங்கியதும் அது கத்தத் தொடங்கியது.

"அண்ணே, ஒங்க கெழவன் கத்துறான் பாருங்க. பசிக்குது போல" என்றாள் பார்வதி.

எடுத்துப் பார்த்தேன். பதினொன்று.

"ஒன்னோடது எவ்வளவு?"

"மூனு."

என்சிக் ஹம்சா தன்னுடையதைத் திருப்பிக் காட்டினார். மூன்று.

உள்ளே குனிந்து கேட்டேன். "மச்சான், மீட்டரு என்னா காட்டுது?"

"ரெண்டு பேருக்கும் மூனு. ஏன், பக்கத்துல வந்து பாக்குறியா? எடம் இருக்கு, வா."

உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இரண்டு தலைகள், மஞ்சள் தொப்பிகள். சேறு முழங்காலுக்கு இருந்தது.

அப்போது எனக்கு எட்டுக் கணக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது, நாலு புது மீட்டர் ஒரு பக்கம், ஒரு பழைய மீட்டர் இன்னொரு பக்கம். நாலும் மெஷின் பார்த்தவை. ஒன்று நான் பார்த்தது. என் சிலிண்டருக்குத் தேதி முடிய இருந்தது. நான் தப்பாக வைத்திருக்கலாம். காற்று திரும்பியிருக்கலாம். வேலையை நிறுத்தி, பிறகு என் மீட்டர் கெட்டது என்று தெரிந்தால், நான் வேலையை விடும்வரை அந்தப் பேச்சு இருக்கும். திரையைத் துடைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு.

"என்சிக், இது பன்னெண்டு காட்டுது."

அவர் வந்து பார்த்தார். "இதை எங்கே சரிபார்த்தாய்?"

"மேட்டில்."

அவர் பம்ப் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். தொட்டி வாயில் மண்டியிட்டார்.

"நாயிக். செமுவா நாயிக்." ஏறு, எல்லாரும் ஏறு.

அந்த நேரத்தில் அவருக்குக் காரணம் புரிந்ததா என்று பிறகொரு நாள் கேட்டேன். இல்லை என்றார். "ரெண்டு எண் வந்தால் கெட்ட எண்ணை நம்பு. அது தப்பாக இருந்தால் ஒரு நாள் வேலை போகும். நல்ல எண் தப்பாக இருந்தால் ஆள் போவான்" என்றார்.

ரஃபீக் உடனே ஏணியைப் பிடித்தான். ஏறி வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான்.

செல்வம் வரவில்லை.

"மச்சான், ஏறு."

"செகேஜாப்லா, ஒரு நிமிஷம். இந்த ஒரு வாளி. ரொம்பிருச்சு."

"வாளிய விடு. ஏறு."

"வாரேன்னு சொல்றேன்ல. ஒன் தங்கச்சி மாதிரியே நைநைங்கிற."

மண்வெட்டியை ஊன்றிப் பிடுங்கினான். அடியில் கெட்டிப்பட்ட சேறு ஒரு பாளமாகப் பெயர்ந்தது. அதன் கீழிருந்து ஒரு பெரிய கொப்புளம் வந்து உடைந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து மீட்டரும் ஒன்றாக அலறின. அந்த நாலும் அலறத்தான் செய்தன. அவை அலறும்போது ஏணிக்கு நேரம் இல்லை.

செல்வம் மேலே பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு, வேலை முடிந்து களைத்தவன் உட்காருவது போல, சேற்றில் உட்கார்ந்தான். தலை மார்பில் விழுந்தது.

என் கால் ஏணியில் இருந்தது. நான் வைத்த நினைவில்லை. பெல்ட்டைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள்.

"சௌடாரா" என்றார் என்சிக் ஹம்சா. சத்தமில்லை. "இறங்கினால் இரண்டு பேர். கைப்பிடியைச் சுற்று."

இரும்பு வடம் செல்வம் முதுகில் மாட்டியபடி இருந்தது. நானும் பார்வதியும் கைப்பிடியைச் சுற்றினோம். வடம் விறைத்தது. செல்வத்தின் முதுகு நிமிர்ந்தது. அதற்கு மேல் வரவில்லை. முக்காலி நடுங்கியது. சேறு அவன் பூட்ஸைப் பிடித்திருந்தது.

"விடு. கொஞ்சம் இறக்கு. மறுபடி" என்றார் என்சிக் ஹம்சா.

இறக்கினோம். அவன் மறுபடி சேற்றில் சாய்ந்தான். முகம் சேற்றைத் தொட்டது. சுற்றினோம். வரவில்லை. பார்வதி அழுதுகொண்டே சுற்றினாள். ரஃபீக் புல்லிலிருந்து தவழ்ந்து வந்து எங்கள் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்தான். மூன்று பேரும் உடம்பைப் போட்டோம். கீழே ஒரு உறிஞ்சும் சத்தம் கேட்டது. வடம் இலகுவாக ஏறியது. அவன் வந்தான். ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றது.

தொட்டி வாயில் தோள் மாட்டியது. என்சிக் ஹம்சா குப்புறப் படுத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டு, தோளைச் சாய்த்து விட்டார். வெளியே எடுத்துக் காற்று வரும் பக்கம் கிடத்தினோம். முகம் சாம்பல் நிறம். பார்வதி பை வைத்த மாஸ்க்கை அவன் முகத்தில் அழுத்தி அமுக்கினாள், அமுக்கினாள். குறட்டை மாதிரி ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர நேரமாயிற்று. வந்தது.

அன்றைக்கே என்சிக் ஹம்சா என் பழைய மீட்டரை ஷெட்டுக்குள் கொண்டுபோய் அலமாரி பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். எட்டு. மேனேஜர் முன்னால் "இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்" என்றார். அலமாரியை மேட்டுக்கு மாற்றினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஆக, கையா மெஷினா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. தினமும் செய்ய மெஷின். அது அலுக்காது. ஆனால் அது நின்ற இடத்தைத்தான் சுத்தம் என்று நம்பும். அதற்கு மூக்கு இல்லை, நமக்கும் இல்லாமல் போய்விட்டது. அதனால் ஒரு மீட்டரை மட்டும் மெஷினில் சொருகாதீர்கள். வேறு இடத்தில், வேறு சிலிண்டரில், கையால் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகச் சொல்லவில்லை என்றால் யாரையும் இறக்காதீர்கள். புது மீட்டர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதை மாற்றாதீர்கள்.

செல்வத்தை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போனபோது சாயங்காலம். லெட்சுமி கட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவனுக்கு ஆக்சிஜன் மாஸ்க், கண் மூடியிருந்தது, விரலில் ஒரு கிளிப். கிளிப்பின் ஒயர் ஒரு சின்ன திரைக்குப் போனது.

டாக்டர் சொன்னாராம். இந்த வாயு பட்டால் சில பேருக்குப் பிறகுதான் நெஞ்சில் நீர் கோர்க்கும். அப்படி ஆனால் அந்தத் திரை எண் இறங்கும். தொண்ணூறுக்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்கவேண்டும். அதனால் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

திரையில் தொண்ணூற்றேழு.

"நல்ல நம்பருதானாண்ணே?" என்றாள் லெட்சுமி.

காலையில் தொட்டியில் காட்டிய ஒன்று என்பதும் நல்ல எண்தான்.

"சொல்லுண்ணே. நீதான இதெல்லாம் பாக்குற ஆளு. நம்பலாமா?"

நர்ஸ் வந்தார். தமிழ்ப் பெண், இளவயது. கேட்டேன். "இந்தக் கிளிப்ப யாரு சரி பாப்பாங்க?"

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக் அங்கிள். தொறக்கும்போது அதுவே பாத்துக்கும்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம் என் வெரல்ல மாட்டுறீங்களா?"

"ஏன், ஒங்களுக்கு என்னா செய்யுது?"

"எனக்கு ஒன்னும் இல்ல. மெஷினத்தான் பாக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு லெட்சுமியைப் பார்த்தார். பக்கத்துக் காலிக் கட்டிலிலிருந்து இன்னொரு கிளிப் எடுத்துச் செல்வத்தின் மறு கையில் மாட்டிவிட்டு, இதை என்னிடம் கொடுத்தார். "செகேஜாப் மட்டும் அங்கிள். பெரிய சிஸ்டர் பாத்தா என்னய ஏசுவாங்க."

என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. அதில் ஒன்றும் தெரியாது. நல்ல ஆளுக்கு நல்ல எண் எல்லா மெஷினும் காட்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்டேன். வாயை மூடி, மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எண் அசையவில்லை. காதுக்குள் இரைந்தது. எண் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இது பொய் சொல்கிறது என்று நினைத்தேன். தங்கச்சிக்கு என்ன சொல்வேன்?

"அங்கிள், மூச்ச விடுங்க. என்னா செய்றீங்க?"

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று. திரை கத்தத் தொடங்கியது.

மூச்சை விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். எண் மெல்ல மேலே போனது. அந்த மெஷினுக்கு இறங்கத் தெரிந்தது.

"பைத்தியமாண்ணே ஒனக்கு?" என்றாள் லெட்சுமி. அவள் கை என் தோளில் இருந்தது.

நர்ஸ் என் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். துடைத்தார். செல்வத்தின் விரலில் மாட்டினார். திரையில் கொஞ்ச நேரம் கோடுகள் மட்டும் ஓடின. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூற்றேழு.